பதினைந்து மீட்டர்

பஹான் மேட்டில் பல் மருத்துவர் டோ மியா யீ வீடு.
சிங்கப்பூர் மகன் அனுப்பிய புரொஜெக்டர்,
ஆறு ஸ்பீக்கர், இரட்டைக் கொசுவலை அகலத்துக்குத் திரை.
சூரியகாந்தி விதை கொறித்தபடி
பாயில் பதினோரு பேர்.
திரையில் ஒரே வாசகம்:
சிக்னல் இல்லை.

பிடுங்கிச் செருகினேன்.
பிடுங்கி, ஊதி, திருப்பிப் பார்த்துச் செருகினேன்.
(திருப்பினால் நுழையாது. தெரியும்.
கை கேட்கவில்லை.)

மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று
மூன்று வால் இருந்த காலத்துக் கம்பி
யாரையும் எதுவும் கேட்காது.
துருவேறிக் கிடந்தாலும்
ஆவி மாதிரி ஒரு படம் காட்டிவிடும்.
இது கேட்கும்.
பெட்டி திரையிடம், யார் நீ?
திரை தன் ஊர், பேர், எத்தனை புள்ளி,
என்ன நிறம் தெரியும், எல்லாம் ஒப்பிக்கும்.
சாவி காட்டு. காட்டும்.
அந்தச் சாவி பழசு, வேறு காட்டு.
நடுவில் ஆம்ப்ளிஃபயர், தரகன்.
இவன் சொன்னதில் பாதியை விழுங்கி
அவனிடம் மீதியைச் சொல்வான்.
கண்ணிமைக்கும் நேரத்துப் பேச்சு.
சுவருக்குள் ஓடும் பதினைந்து மீட்டர் கேபிளில்
அது பாதி வழியிலேயே களைத்துவிடுகிறது.

"கேபிளை வெட்டிச் சின்னதாக்கிட்டா?"
ஓய்வுபெற்ற ரயில்வே மாமா கேட்டார்.
சிரிக்கவில்லை. அவருடைய பெட்டிக்கு
அவர் அப்படித்தான் எஞ்சின் மாட்டியிருப்பார்.

எட்டேகாலுக்குப் படம் வந்தது, சத்தமில்லை.
எட்டரைக்குச் சத்தம், படமில்லை.
எட்டு நாற்பதுக்கு இரண்டும் வந்தன.
கதாநாயகி முகம் கத்தரிக்காய் நிறம்.
வாய் மூடி அரை நொடி கழித்து
"போகாதே" என்றாள்.
சின்னப் பெண் ஒருத்தி மட்டும் கைதட்டினாள்.
அதற்குள் பனி கொட்டியது.
சிக்னல் இல்லை.

ஒன்பதுக்குக் கரண்ட் போனது.
இந்த ஊரில் அது ஒன்றுதான் நேரம் தவறாது.
மெழுகுவர்த்தி. லபெட் தட்டு என் பக்கம் நகர்ந்தது.
"ஸயா பேர் என்ன?"
ஜோ லின்.
"முகம் அப்படி இல்லையே."
வீட்டில் வேறு பேர், என்றேன்.
"அது என்ன?"
மாசிலாமணி.
மாமா அதை வாயில் போட்டு மென்று பார்த்தார்.
மா. ஸி. லா.
அதற்கு மேல் கேபிள் எட்டவில்லை.

கரண்ட் வந்தது.
முதலில் திரையை மட்டும் போட்டேன்.
இருபது எண்ணி ஆம்ப்ளிஃபயர்.
இன்னும் இருபது. பதினேழில் தடுமாறி
மறுபடி ஒன்றிலிருந்து.
கடைசியாகப் பெட்டி.
கறுப்பு.
கறுப்பு.
பிறகு ஒரு நதி, நதி நிறத்தில்.

யாரும் மூச்சு விடவில்லை.
நான் ரிமோட்டைத் தரையில்
தூங்கும் பிள்ளையை வைப்பது போல் வைத்தேன்.
"என்ன செஞ்சீங்க?" என்றார் டோ மியா யீ.
ஒன்றுமில்லை என்றால் கூலி வராது.
"உள்ளே ஒரு இடத்தில் சரி பண்ணினேன்.
நாளைக் காலை வரை எதையும் அணைக்காதீங்க."
முப்பதாயிரம் ஜாட் கேட்டேன்.
இருபத்தைந்து கொடுத்தார், உறையில் போட்டு.

பசுன்டாங் போகும் வழியில் டார்ச் வெளிச்சம்.
அட்டையைக் கொடுத்தேன். பச்சை.
அட்டை மேல் டார்ச். முகத்தில் டார்ச்.
மறுபடி அட்டை.
அப்பா பேர்? சொன்னேன்.
அப்பாவோட அப்பா? சொன்னேன்.
இருபது வயதிருக்கும் அவனுக்கு. ரேடியோவில்
யாரையோ கேட்டான். பதில் இரைச்சலாக வந்தது.
நான் எண்ணத் தொடங்கினேன்.

பையைத் திறக்கச் சொன்னான்.
சுருட்டிய கேபிளை
தூக்கிப் பார்த்து, "இது என்ன?"
படம் போகிற வயர், என்றேன்.
"போகுமா?"
சில நாள்.